வெந்நீரில் நின்ற எண்ணெய் பாட்டில்

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. மலைமேல் எங்கள் பூம்பாறை வீட்டுச் சமையலறையில் பாட்டிலை ஈர்க்குச்சியால் குடைந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அண்ணன் மனைவியான மதினி சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. பாட்டிலைப் பிடுங்கி வெந்நீர்ச் செம்பில் நிறுத்தினார், எண்ணெய் இளகிவிட்டது. மலையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். பொறுமைதான் கிடையாது.

அது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில்; அப்போது மதுரையில் நான் ஆராய்ச்சி மாணவன். பொங்கலுக்குள் சோதனை பலிக்காவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். மூன்று வருட உழைப்பு போய்விடுமே என்று சோறு இறங்காமல் லீவில் வந்திருந்தேன். அப்படி என்ன சோலி என்று மதினி கேட்க, அவரோடு சேர்ந்து பூண்டு உரித்தபடியே சொன்னேன். நம் உடம்பில் ஒரு புரதம் உண்டு; அதில் ஆழமான குழி. காசநோய்க் கிருமியின் மேல்தோலில் உள்ள கொழுப்பு கிடைத்தால், அதன் வாலைக் குழிக்குள் செருகிக்கொண்டு தலையை மட்டும் வெளியே காட்டும். காவல் செல்கள் அந்தத் தலையைப் பார்த்துத்தான் எதிரி வந்திருப்பதைத் தெரிந்துகொள்ளும். மதினி பரணை நிமிர்ந்து பார்த்தார். அங்கே காய்ந்த தண்டுகளை உள்ளே செருகிக் கட்டிய பூண்டுக் கட்டுகள், தலைகள் மட்டும் தெரியத் தொங்கின. வியாபாரியும் தலையைத்தானே பார்க்கிறான் என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவில்லை.

ஆனால் என் புரதம் கொழுப்பைப் பிடிக்கவே இல்லை. புரதம் கெட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்தே கலந்தேன் என்று பெருமையாக வேறு சொன்னேன். மதினியின் கை நின்றது.

“ஏன் தம்பி, கொழுப்பையும் சேத்தா பனியில வச்சீங்க? அப்பறம் அது எப்படி எளகி உள்ள போகும்?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை மாதமும் கொழுப்பு சோதனைக் குழாயின் சுவரில் உறைந்து ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. பேராசிரியரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்க எனக்குத்தான் வீம்பு. மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்கு இறங்கி, கொழுப்பைத் தனியாகக் கண்ணாடிக் குப்பியில் சோப்பு மாதிரியான ஒரு துளி மருந்தோடு இளஞ்சூட்டில் கரைத்தேன். பிறகு உடம்புச் சூட்டில் புரதத்தோடு சேர்த்தேன். அதைக் காட்டியதும் காவல் செல்கள் விழித்துக்கொண்டன. ஆய்வக வராந்தாவில் ஆடியே விட்டேன். என் தலைப்பு பிழைத்தது.

இப்போது நானே மாணவர்களை வைத்து வேலை வாங்குகிறவன். போன மார்கழியில் ஊருக்குப் போனபோது, குளிக்கப் போகுமுன் சமையலறைக்குள் நுழைந்தேன். வெந்நீர்ச் செம்பில் பாட்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நான் கேட்கவே இல்லையே, எதற்கு இது என்றேன்.

“ஆராய்ச்சி பண்றவுகளுக்கு இதெல்லாம் மறந்துபோகும்ல” என்றார் மதினி.

உள்ளங்கை நிறைய ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். இதமாக இருந்தது.