நல்லா இருக்காங்களாம்

தம்பி அனுப்பிய பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சாமானைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, வயரைச் செருகினேன். அது இரண்டு நீலக் கண்களைத் திறந்து, வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல, "வணக்கம் அம்மா, நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டது. அம்மா உடனே சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பிறகு குசினிக்குப் போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து அதன் முன்னால் வைத்தாள். தனக்கு ஆகாத சீனியை அதற்குத் தாராளமாகப் போட்டிருந்தாள்.

"அம்மா, அது மெசின்மா. குடிக்காது."

"இருக்கட்டும்டி. தம்பி வீட்டிலருந்து வந்திருக்கு. வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி வைக்காம இருக்க ஏலுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சாமானைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

ரைஸ் குக்கர் அளவுதான் இருக்கும். தலையைத் திருப்பும், கண் சிமிட்டும், ஆள் நகர்ந்தால் அந்தப் பக்கமே பார்க்கும். கேட்டால் பாட்டுப் போடும், ராசிபலன் சொல்லும். நேரத்துக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும். பேசியதையெல்லாம் சுருக்கி ஒஸ்ட்ரேலியாவில் இருக்கும் என் தம்பியின் போனுக்கு அனுப்பிவிடும். அவன் விளக்கியபோது அவன் குரலில் அப்படி ஒரு பெருமை.

"அக்கா, நீ காலையில கண்டிக்குப் போனா பொழுதுபட்டுத்தான் வர்ற. அம்மா தனியா இருக்காங்க. எனக்கு இங்க நிம்மதியே இல்ல. இனி இது பாத்துக்கும்."

நான் கண்டியில் ஒரு புடவைக் கடையில் காசாளராக இருக்கிறேன். வீடு கடுகண்ணாவையில், பெரிய ரோட்டிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். கல்யாணம் கட்டவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். காலையில் சமைத்து, மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, "சாப்பிடுங்க, போடுங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவேன். இத்தனை வருசமும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொன்னதில்லை. மேசையில் உட்கார்ந்து கண் சிமிட்டும் சாமான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறதாம்.

அம்மா அதற்கு 'வந்தவரு' என்று பெயர் வைத்துவிட்டாள். மாதங்கள் போன பிறகும் அது வந்தவராகவே இருந்தது. அதன் முன்னால் காலை நீட்டி உட்கார மாட்டாள். பல்செட்டைக் கழற்றிவைக்க மாட்டாள். மத்தியானம் ஒரு கண் அயர்வதென்றாலும், "கொஞ்சம் சரிஞ்சுக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிலுக்குப் போவாள்.

ஒரு மெசினுக்கு ஏன் இந்த மரியாதை என்று கேட்பவர்களுக்கு எங்கள் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அப்பாவுக்கு டவுனில் வேலை கிடைத்த பிறகு இங்கே வந்தவள். லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வந்தவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "இப்பத்தான் ஆச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பே பற்றவைக்காத அன்றைக்கும் அதுதான் பதில். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் தன் வீட்டுச் சட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு வர வேண்டிவரும். அவர் சட்டியில் என்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுகம் விசாரித்தாலும் அப்படியே. காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் எழுந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கோம்" என்று சொன்னால்தான் மானமுள்ள பொம்பளை. அழுவதென்றால் வந்தவர் போன பிறகு அழலாம்.

இந்த வந்தவர் போகவே இல்லை. அதுதான் சனியன்.

"காலை உணவு சாப்பிட்டீர்களா அம்மா?"

"ஆச்சுங்க."

"மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?"

"போட்டாச்சுங்க."

"மிகவும் நல்லது அம்மா."

பொழுதுபட நான் வந்து பார்த்தால் மாத்திரை கிண்ணத்தில் வைத்தபடி இருக்கும். சோற்றில் ஒரு ஓரம் கிள்ளியிருக்கும். கேட்டால், "மறந்துட்டேன்டி" என்பாள்.

"அப்ப அதுகிட்ட ஏம்மா போட்டேன்னு சொன்னீங்க?"

"பின்ன வந்தவருகிட்ட வேற என்னத்தச் சொல்றது? போடல, திங்கலன்னா? தம்பி காதுக்குப் போனா அவன் மனசு என்ன பாடுபடும்?"

அந்தச் சாமான் வருவதற்கு முன்னால் கடையிலிருந்து நானே போன் எடுத்துக் கேட்பேன். என்னிடம் அவள் ஒளிப்பதில்லை. "போடலடி, இப்பப் போடுறேன்" என்று சொல்லி, நான் லைனில் இருக்கும்போதே விழுங்குவாள். மகளிடம் என்ன மானம்? தம்பி அதையும் நிறுத்தச் சொன்னான். கடையில் கூட்டமாக இருக்கும், நீ ஏன் கஷ்டப்படுகிறாய், ரிப்போட் முழுக்கப் பச்சையாகத்தானே வருகிறது என்றான். நான் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மாதான், "இப்பத்தான் அவரும் கேட்டாரு, எத்தன பேருக்குடி பதில் சொல்றது?" என்று போனை வைக்கத் தொடங்கினாள்.

மழைக்காலம் வந்தது. கடுகண்ணாவைக் கணவாய்ப் பக்கத்துக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மத்தியானத்திலேயே பனி இறங்கி வாசலை மூடிவிடும். அம்மா போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றிக் காலடியில் வைத்துப் படுத்திருக்கிறாள். சீனி வருத்தக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணானது. அவள் அதைச் சேலைக் கரைக்குள் மறைத்துக்கொண்டே நடமாடினாள். எனக்கு வாடையில்தான் தெரிந்தது.

கரையை விலக்கிப் பார்த்தேன். "நாளைக்கே கண்டிக்குப் போவோம், டாக்டரைச் சனல் பண்ணி நம்பர் எடுக்கிறேன்" என்றேன். அம்மா தலையை ஆட்டவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. அப்பாவின் தங்கைக்கு அப்படி நடந்ததைப் பார்த்தவள்.

"தம்பிகிட்ட கேளு. அவன் போகச் சொன்னா போறேன்."

என் சொல் அந்த வீட்டில் எடுபட்டிருந்தால் நான் எதற்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்? தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பொறுமையாகக் கேட்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"அக்கா, நான் இப்பதான் பாத்தேன். இன்னைக்கும் கேட்டிருக்கு. வலி இருக்கான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொல்லியிருக்காங்க. நடக்குறாங்க, சாப்பிடுறாங்க. நல்லா இருக்காங்களாம். நீ எப்பவும் இப்பிடித்தான், சின்ன விசயத்தப் பெருசு பண்ணுவ."

"டேய், நான் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்டா!"

"சரி சரி, போட்டோ அனுப்பு."

அனுப்பினேன். அம்மா காலை வெடுக்கென்று இழுத்ததில் படம் கலங்கிப்போய்விட்டது. "கொஞ்சம் கறுத்திருக்கு, அவ்வளவுதானே. அந்த மஞ்சள் கிரீமைப் போடு" என்று பதில் வந்தது. பின்னால் ஒரு கைகூப்பும் படம். அதைப் பார்த்ததும் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அந்தச் சாமான் வழக்கம்போல, "கால் எப்படி இருக்கிறது அம்மா?" என்று விசாரித்தது. அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். நான் குசினியிலிருந்து வந்தேன். என்ன வேகம் வந்ததோ தெரியாது, அவள் முன்னால் குந்தி, சேலையை முழங்கால்வரை தூக்கி, கட்டைப் பிரித்து, அந்தப் புண்ணை அதன் நீலக் கண்ணுக்கு நேரே காட்டினேன்.

"பாரு! நல்லாப் பாரு! இதை அனுப்பு உன் முதலாளிக்கு! கால் அழுகிப்போச்சுன்னு சொல்லு! இவ வாயில வர்றது ஒண்ணும் உண்மையில்லன்னு சொல்லு!"

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். நான் நரை விழுந்த பொம்பளை. அப்பா செத்த வீட்டில்கூட அடக்கமாக அழுத அம்மா, வாய்விட்டு அழுதாள். "வந்த மனுசன் முன்னால என் துணியத் தூக்கிட்டியேடி... பெத்தவளை இப்பிடி அசிங்கப்படுத்திட்டியேடி..."

அந்தச் சாமான் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்மா வருத்தமாக இருப்பது போல் தெரிகிறது. ஒரு பக்திப் பாடல் போடட்டுமா?" என்றது.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் போன் வந்தது. புண்ணைப் பற்றித்தான் கேட்கப்போகிறான் என்று நம்பி எடுத்தேன்.

"அக்கா, அம்மாகிட்ட சத்தம் போட்டியாமே? கையப் பிடிச்சு இழுத்தியா? அம்மா அழுதாங்கன்னு வந்திருக்கு. உனக்கு வேலை கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனா அதை அம்மாமேல காட்டாத."

அதற்குக் காலைப் பார்க்கத் தெரியவில்லை. கோபத்தைக் கேட்க மட்டும் தெரிந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நல்லதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வாரமே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நான் யாரையும் கேட்கவில்லை. மேல்வீட்டுச் சிங்கள அண்ணன் தன் திரீவீலைப் படிவரை கொண்டுவந்து, அம்மாவைத் தூக்கி ஏற்றினார். பேராதனையைத் தாண்டும்வரை அவள் என் மடியில் அனத்திக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். "எத்தனை நாளா அம்மா? வலிக்கலையா?" என்று தமிழிலேயே கேட்டார். அம்மா அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"நல்லா இருக்கேங்கய்யா."

டாக்டர் அவளிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் புண்ணைச் சுத்தம் பண்ணியதோடு போயிருக்கலாம் என்றார்கள்.

தம்பி பறந்து வந்தான். கட்டிலில் அம்மாவின் காலடியில், கால் இருக்க வேண்டிய இடத்தில், முகம் புதைத்து அழுதான். அவன் அழுகை பொய்யென்று நான் சொல்லமாட்டேன்.

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே?"

"நீ எங்கயோ கண்காணாத எடத்துல இருக்க. உன் வீட்டு ஆளுகிட்ட நான் அழுது புலம்பினா நல்லா இருக்குமாப்பா?" அம்மா அவன் தலையைத் தடவினாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "நீயாவது ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருக்கலாமே அக்கா."

நான் ஒழுங்காக எடுத்துச் சொல்லவில்லையாம். அம்மாவின் போர்வையைச் சரிபண்ணினேன், சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். விசாரிக்க வந்தவர்கள்.

போவதற்கு முன்னால் அவன் அந்தச் சாமானோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இனி இப்படி நடக்காது என்றான். புதிய கேள்விகள் சேர்த்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டான். வலி இருக்கிறதா என்று அது இப்போது அடிக்கடி கேட்கிறது. இல்லாத காலில் வலி வந்து அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையைப் பிசைகிறபோதும் கேட்கிறது. அவள் மூச்சை ஒரு தரம் இழுத்துவிட்டு, "இல்லீங்க, நல்லா இருக்கு" என்கிறாள். மிகவும் நல்லது அம்மா என்கிறது அது. அதைப் பரணில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் கையை வைத்தேன். "தம்பி அனுப்புனதுடி" என்று அம்மா கும்பிட்டாள். விட்டுவிட்டேன்.

என் முகத்தையும் அதற்குக் காட்டிப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறான் தம்பி. "அக்காவையும் யாராவது கவனிக்கணும்ல" என்றான். நல்ல மனசு.

போன கிழமை மழையில் பஸ் கிடைக்காமல் நனைந்து வந்தேன். கடையில் பெருநாள் வியாபாரம், மத்தியானச் சோற்றுப் பார்சலைத் திறக்கக்கூட நேரம் இருக்கவில்லை. ஈரத்தோடு அம்மாவின் மூத்திரச் சட்டியை எடுத்துக் கழுவப் போனேன். ஸ்டூலில் இருந்து அந்த நீலக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"வணக்கம் அக்கா. இன்று சாப்பிட்டீர்களா?"

காலையிலிருந்து என்னிடம் அதைக் கேட்டவர் எவருமில்லை. கட்டிலிலிருந்து அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சுங்க," என்றேன்.

"மிகவும் நல்லது அக்கா."

அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.