கரடி துரத்துகிறதா?

மட்டக்களப்பு நகரில் பழைய புத்தகங்கள் விற்கும் கடையொன்றில் அந்தச் சிறுவர் படக்கதையை வாங்கினேன். நோர்வே மொழி என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சொல்கூட விளங்காது. அட்டையில் இருந்த சிறுமியின் முகம் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

பழுகாமத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவரும் நானும் அதைப் புரட்டினோம். எல்லாம் கறுப்பு மைக்கோடுகள். கொட்டும் பனியில் சிறுமி நடக்கிறாள். பின்னால் பெரிய கரடி. தூரத்து வீட்டு யன்னலுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"துரத்துது. அதுட நிழல் புள்ளைக்கு மேல விழுகுது பாருங்க," என்றேன்.

அவர் காட்டோர ஊரான கரடியனாற்றில் வளர்ந்தவர். மிருகங்களைப் பற்றிப் பேசினால் விட்டுக்கொடுக்க மாட்டார். "இல்ல, காவலுக்குப் போகுது. நிலத்தில புள்ளைட காலடி மட்டும்தான் கிடக்கு. அவள் வச்ச அடியிலயே அதுவும் கால் வைக்குது."

வீடு நெருங்க நெருங்கக் கரடியின் கோடுகள் மெலிந்துகொண்டே போயின. கடைசிப் பக்கத்தில் யன்னலுக்கு வெளியே நாலைந்து கீறல்கள்தான். அது செத்துவிட்டதா, திரும்பிப் போகிறதா? ஒரு கிழமையாக இதே வாக்குவாதம். பொறுக்க முடியாமல், நோர்வேயில் இருக்கும் மச்சாளுக்கு, கணவரின் தங்கைக்கு, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினேன்.

அன்று பின்னேரமே அவள் அழைத்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னாள். சிறுமி வழி தவறுகிறாள், பயப்படுகிறாள், வீடு சேர்கிறாள்.

"கரடி எங்க மச்சாள்?"

"கரடி எண்டு ஒரு சொல்லும் இல்ல மச்சாள். 'பின்னால காத்து வந்துது' எண்டுதான் கிடக்கு."

நாங்கள் இருவரும் புத்தகத்தை இழுத்துக் குனிந்தோம். கரடியின் உரோமம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. விழும் பனியும் அதே சாய்வு. காற்றுக்கு ஏது காலடி? இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

"அப்ப, வெயில் காலத்தில அடிக்கிற எங்கட கச்சான் காத்துக்கு இந்தப் படம் கீறினவன் என்னத்தக் கீறியிருப்பான்?" என்று கேட்டார் கணவர்.

"எருமை. வெயிலுக்க, காய்ஞ்ச வயல் வட்டைக்குள்ளால மூச்சிரைக்க வாற எருமை," என்றேன்.

"எருமை அவ்வளவு வேகமா வராது," என்றாள் தொலைபேசியில் மச்சாள்.

அவர் ஒரு பேனையைத் தேடி எழுந்தார்.