ஊதாமல் கொடுத்த இரத்தம்: கனகராயன்குளத்திலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் பஸ் ஏறியது கோயிலுக்கும் இல்லை, கலியாண வீட்டுக்கும் இல்லை. இரத்தம் கொடுக்க. அதுவும் இரண்டாம் தரம். விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்காக முதல் தரம் சோதிக்க எடுத்த இரத்தத்தில் ஏதோ கிருமி வளர்ந்ததாம். "இது தோலில இருக்கிற கிருமி மாதிரிக் கிடக்கு. உள்ளுக்க இருக்கோ, எடுக்கேக்க ஒட்டினதோ தெரியேல்லை. திரும்ப எடுப்பம்" என்றார் டொக்டர். திரும்பவும் வளர்ந்தால் வார்டில் படுத்து நாள்கணக்கில் ஊசி. வீட்டில் ஒரு பசுவும் எட்டுக் கோழியும். பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில். அங்கே பூட்டுத்தான் குடியிருக்கிறது. நான் படுத்தால் அதுகளுக்குத் தண்ணீர் வைக்க யார்?

சந்தியில் காலை ஆறரைக்கு நின்றால் தெற்கே போகும் பஸ் கிடைக்கும். முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இருநூறு ரூபாய் நீட்டினால் மிச்சம் வரும், கொண்டக்டர் மறக்காவிட்டால். வலப்பக்கம் இருங்கள், வெயில் அடிக்காது.

பக்கத்து இருக்கையில் குடையை வைத்திருந்தேன்.

"அக்கா தனியவோ போறியள்?" கொண்டக்டர் கேட்டான்.

"கண் தெரியேல்லையோ தம்பி? இவரும் வாறார். கதைக்கமாட்டார், அரை ரிக்கற் போடு."

சிரித்துக்கொண்டே பின்னால் போய்விட்டான். அதற்குப் பிறகு குடையும் நானும் காடும்தான்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்த தாதிக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால்.

"ஆர் அன்ரி உங்களோட வந்தது?"

"கதவடியில சாஞ்சு நிக்கிறார், பாருங்கோ."

எட்டிப் பார்த்தாள். குடையைக் கண்டதும் சிரிப்பு. பிறகு கையைக் கழுவி, உறை போட்டு, என் முழங்கை மடிப்பை மருந்தால் துடைத்தாள். சில்லென்றது. நான் வாயைக் குவித்து ஊதப் போனேன். எங்கள் பக்கத்தில் மருந்து பட்டால் ஊதாமல் இருக்க யாருக்குத் தெரியும்?

"ஐயோ, ஊதாதேங்கோ! போன முறையும் ஊதினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. ஊதிப்போட்டு, துடைச்ச இடத்தில விரலை வைச்சு நல்ல நரம்பையும் காட்டிக் குடுத்தனான். உதவிதானே?"

"நல்ல உதவி! வாயில, விரலில இருக்கிறதெல்லாம் ஊசியோட, கிருமி வளருதோ எண்டு பாக்கிற போத்தலுக்க போயிருக்கும். தானாக் காயட்டும்."

முதலில் இருந்து துடைத்தாள். நான் மறுபடி ஊதிவிடுவேன் என்று பயமோ என்னவோ, காயும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. போத்தல் மூடியையும் துடைத்துவிட்டுத்தான் எடுத்த இரத்தத்தை அதற்குள் விட்டாள். மற்றக் கையிலும் அப்படியே. அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. என் கையை ஒருவர் பிடித்து எத்தனை காலம்!

அடுத்த கிழமை அந்தத் தாதியிடமிருந்து போன் வந்தது. "அன்ரி, ரெண்டு கையில எடுத்ததிலயும் ஒண்டும் வளரேல்லை. காய்ச்சலும் நிண்டபடியா வார்டு வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்."

வயல்காரி நான், ஒன்றும் வளராததற்குச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பசுவுக்குச் சொன்னேன். அது வைக்கோலில் இருந்து தலை எடுக்கவில்லை.

போகிறவர்கள் காலையில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். துடைத்த இடத்தைத் தொடாதீர்கள், ஊதாதீர்கள். "கெதியாக் குத்துங்கோ" என்று தாதியை அவசரப்படுத்தாதீர்கள். துணைக்கு ஆள் இருந்தால் கூட்டிப் போங்கள். இல்லாதவர்கள், காயும்வரை பேசாமல் இருங்கள். அவ்வளவு நேரமும் உங்கள் கை ஒருவரின் கைக்குள் இருக்கும்.