அவர் நம்பரிலிருந்து வந்த போன்

காரைக்கால்மேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள் நான். போன வருஷம் ஒருநாள், ஏலத்தில் நிற்கும்போது கணவர் நம்பரிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, சாப்டீங்களா?" என்றேன்.

"இந்த போன்காரர் பைக் ஆக்சிடென்ட்ல செத்துட்டாரு. பாடியை வாங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றது வேறொரு குரல். நான் யாரென்றுகூட அந்த ஆள் கேட்கவில்லை.

பேசியவர் ஆம்புலன்ஸ் ஊழியர். ஆஸ்பத்திரியில் அவரைப் பிடித்து, "செத்தவர் போன்லேர்ந்தே பொண்டாட்டிக்கு இப்படியா தம்பி சொல்லுவீங்க?" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்லணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலம்மா" என்றார்.

ஸ்ட்ரெச்சர் தூக்கப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு, இதைச் சொல்லிக்கொடுக்க ஒருநாள் கிடைக்கவில்லையா?

இப்போதெல்லாம் மகன் நம்பரிலிருந்து போன் வந்தாலும், அவன் "அம்மா" என்று கூப்பிடும்வரை நான் வாய் திறப்பதில்லை.