மொதல்ல அம்மா சொல்லு

என் மகன் ஜோயலுக்கு நான்கு வயது முடிந்தும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பசித்தால் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போவான். தாகம் எடுத்தால் சொம்பைத் தட்டுவான். அம்மா என்று மட்டும் கூப்பிடவே இல்லை. அந்த நாட்களில் நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும். அவர் எனக்குச் செய்ததை மனசுக்குள் பூட்டி வைக்க முடியவில்லை. அதனால் சபையார் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என் பெயர் அனிதா. கண்ணமங்கலத்தில் பிறந்து, அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறுகிற வழியில் உள்ள ஊரில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் ராஜன் லோடு வண்டி ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்பே அவர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர். அவருடைய தம்பி வீட்டார் இன்றுவரை தங்கள் குலசாமியைக் கும்பிடுகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வாசல். தம்பி மனைவி மஞ்சுளா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே மகள், காவ்யா. ஜோயலைவிட ஆறு மாதம் சின்னவள்.

அந்தக் காவ்யா பேசுகிற பேச்சு இருக்கிறதே! விடிந்ததும் ஆரம்பித்துவிடுவாள். "பெரிம்மா, இன்னா பண்ற? பெரிம்மா, எங்க வூட்டு கோழி குஞ்சு பொரிச்சிகிச்சி, பாக்க வர்றியா? பெரிம்மா, ஜோயல் ஏன் இன்னும் எழுந்துக்கல?" கள்ளம் இல்லாத குழந்தை. ஆனால் அவள் ஒவ்வொரு முறை பெரிம்மா என்னும்போதும் எனக்கு வயிறு எரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, பேச்சுதான் தாமதம், வாராவாரம் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள் என்றார்கள். காலை பஸ்ஸைப் பிடித்து அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வந்தேன். பயிற்சி கொடுக்கிற அம்மா முதல் மாதமே என்னிடம் சொன்னார். "நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்கம்மா. அவனுக்குப் பேச இடமே வுட மாட்றீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருங்க. அவனா எதனா சத்தம் குடுக்கற வரைக்கும் பொறுமையா இருங்க."

பொறுமையைப் பற்றி எனக்கே பாடமா என்று சுருக்கென்றது. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறவள் நான். நாலு வருடமாகக் காத்திருக்கிறவள் நான். இதற்கு மேலும் பொறுமை என்றால் கல்லாகத்தான் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அவர் சொன்னதை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் எப்போதும்போல, "அம்மா சொல்லுடா, அம்மா, அம்மா, எங்க சொல்லு, அம்மா" என்று அவன் முகத்துக்கு நேரே ஓதிக்கொண்டே இருப்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மஞ்சுளாமீது மட்டும் அல்ல, உங்கள் எல்லோர்மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கும். ஒருவருக்குக் கட்டி கரைந்திருக்கும். ஒரு சகோதரி, காட்டுக்குள் போன எருமை ஜெபித்த மறுநாளே வீடு திரும்பியது என்று கண்ணீரோடு சொன்னார்கள். எல்லோரும் அல்லேலூயா சொன்னீர்கள். நானும் சொன்னேன். மனசுக்குள், எருமைக்கு இருக்கிற அவசரம் என் பிள்ளைக்கு இல்லையா ஆண்டவரே என்று கேட்டேன். சிரிக்காதீர்கள். அன்று எனக்கு அது சிரிப்பாக இல்லை.

அந்த வேகத்தில்தான் அடுத்த ஞாயிறு நான் எழுந்து நின்றேன். நடக்காத காரியத்தை நடந்ததாகவே அறிக்கை செய்வது நம் சபையில் உள்ள பழக்கம்தானே. "வர்ற அறுப்பின் பண்டிகையில எம் மகன் ஜோயல் மைக் முன்னாடி நின்னு வசனம் சொல்லுவான். இது என்னோட விசுவாச அறிக்கை" என்றேன். கைதட்டல் அடங்கியதும் போதகர் மெதுவாகக் கேட்டார். "சகோதரி, ஆண்டவருக்கு நாம தேதி குறிக்கலாமா?" எனக்குக் கோபம் வந்தது. இவருக்கே விசுவாசம் இல்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. சாமை மூட்டைகளும் பூசணிக்காய்களும் தேன் பாட்டில்களும் பலிபீடத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தன. காணிக்கையாக வந்த கோழிகள் காலைக் கட்டிப்போட்டும் கத்திக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராக மனப்பாட வசனம் சொன்னார்கள். நம் ஞாயிறு பள்ளிக்குக் காவ்யாவும் வருவாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஜோயலுக்கு அடுத்து அவள் நின்றாள். ஜோயலுக்குப் புதுச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி நிறுத்தியிருந்தேன்.

மைக்கை அவன் முன்னால் வைத்தார்கள். அவன் மைக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சபையே அடங்கிப்போயிருந்தது. கொஞ்ச நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை. கீழேயிருந்து வாயசைத்தேன். பிறகு சத்தமாகச் சொன்னேன். பிறகு, "சொல்லுடா!" என்று கத்தியே விட்டேன். அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். பக்கத்தில் நின்ற காவ்யா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு அவனுடையதையும் சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை. கூரை அதிர நீங்கள் கைதட்டினீர்கள்.

இறங்கி வந்து என் முந்தானையை இழுத்து, "பெரிம்மா, அவனுக்கும் சேத்து நானே சொல்ட்டேன்" என்றாள். அந்தக் குழந்தையின் கையை உதறிவிட்டேன். "போ, உங்க வூட்டுக்குப் போ" என்றேன். மகள் வசனம் சொல்வதைக் கேட்க வந்திருந்த மஞ்சுளா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. ஒரே வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவள் குழம்பு கொடுத்தனுப்பினால் மூடி திறக்காமல் திருப்பியனுப்பினேன். மறுநாளும் கொடுத்தனுப்பினாள். ஆண்டவரிடம் நான் கேட்டது இதுதான். உபவாசம் இருக்கிறவள் நான், கற்பூரம் கொளுத்துகிறவள் அவள். அப்புறம் எப்படி அவள் வீட்டில் மட்டும் பேச்சுச் சத்தம்? என் ஜெபத்தில் ஜெபத்தைவிட முறையீடுதான் அதிகம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவருக்கும் இடம் விடவில்லை.

மாசி மாதம் புளி பொறுக்கப் போன இடத்தில் பாறையில் கால் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பு உடைந்தது. மாவுக்கட்டு போட்டு, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்கள். புளி சீசன் என்பதால் என் கணவருக்கு ஓய்வில்லாத லோடு. ஜோயலின் பயிற்சி நாள் வந்தது. ஒரு வாரம் விட்டால் பழையபடி ஆகிவிடும் என்ற பயம். யார் அழைத்துப் போவது?

மஞ்சுளா நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, நான் அவன இட்டுகினு போய்ட்டு வர்றேன்க்கா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் கணவர்தான் சரி என்றார். என் பிள்ளை அவள் இடுப்பில் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். பஸ் ஹாரன் கேட்கும்வரை அழுதேன். என்னிடம் இருந்த ஒரே ஒன்றும் அவள் கைக்குப் போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகு சமையல் முதல் அவனைக் குளிப்பாட்டுவதுவரை எல்லாம் அவள்தான். நான் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே ஜன்னல். வாசல் முழுவதும் தெரியும். எழுந்து போகவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. பொறாமைக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா?

சாயங்காலம் அவள் கோழிக்குத் தீனி போடுவாள். சாமைக் குருணையைக் கையில் அள்ளிக்கொண்டு வாசலில் குந்துவாள். ஜோயல் பக்கத்தில் நிற்பான். "பா… பா…" என்று கோழியைக் கூப்பிடுவாள். கோழிகள் ஓடிவந்து அவள் காலைக் கொத்தும். அவள் போட மாட்டாள். மூடிய கையை நீட்டிக்கொண்டு ஜோயலின் முகத்தையே பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவன் கையைப் பார்ப்பான், கோழியைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான். கட்டிலில் எனக்குப் பொறுக்காது. போட்டுத் தொலையேன், பிள்ளையை ஏன் வதைக்கிறாய் என்று பல்லைக் கடிப்பேன்.

வேலூரில் பயிற்சி கொடுக்கிற அம்மா என்னிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொல்லியிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் அவன், "ப்பா" என்றான். அவள் உடனே கையைத் திறந்தாள். குருணை சிதறியது. கோழிகள் பறந்து விழ, அவன் குதித்துக் குதித்துச் சிரித்தான். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு அடைத்தது. அதே நொடியில் எரிச்சலிலும் அடைத்தது. கோழிக்கு வாய் திறந்தவன் எனக்குத் திறக்கவில்லையே.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவர்கள் ஜன்னலுக்குக் கீழேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் மகனின் குரல் கேட்டது.

"த்தி! த்தி!"

சித்தி என்று கூப்பிடுகிறான். என் பிள்ளையின் முதல் வார்த்தை. நான் சுமந்தேன், நான் உபவாசம் இருந்தேன், பெயர் அவளுடையது. என் உடம்பே பற்றி எரிந்தது. அவள் இப்போது குதிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது. "ஷ்… மெதுவாடா கண்ணு. உங்க அம்மா காதுல வுழுந்தா அதுக்கு மனசு கஷ்டமாப்பூடும். ஒரு வாரமா சொல்லிகினு கீறேன் இல்ல? மொதல்ல அம்மா சொல்லு. அப்புறமா என்னியக் கூப்புடு. இன்னா?"

பிறகு சத்தமே இல்லை. அவள் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரு வாரம்! என் பிள்ளை ஒரு வாரமாக அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அந்தச் சந்தோஷத்தை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லாமல் எனக்காக அடக்கி வைத்திருக்கிறாள். முகம் கொடுத்துப் பேசாத எனக்காக. அவள் மகளை விரட்டின எனக்காக.

"மஞ்சு" என்று கூப்பிட்டேன். மாதக்கணக்காகச் சொல்லாத பெயர்.

பதறிப்போய் ஓடிவந்தாள். இந்த முறையும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, சத்தியமா நான் சொல்லித் தர்லக்கா. அவனாத்தான்… நான் அம்மான்னு தான்க்கா சொல்லித் தந்தேன்."

"உள்ள வா மஞ்சு" என்றேன். வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், எதுவும் கேட்கவில்லை. என்னால் சொல்ல முடிகிறவரை சும்மா இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "போக்கா, இன்னாத்துக்கு அதெல்லாம்" என்றாள்.

அன்று ஆண்டவர் என் கண்களைத் திறந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவதைத்தான் நான் பொறுமை என்று நினைத்திருந்தேன். அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது பொறுமை இல்லை. எதிரில் இருக்கிறவருக்கு இடம் விட்டு, அன்போடு அவர் முகத்தைப் பார்த்திருப்பதுதான் பொறுமை. என் பிள்ளைமீது அவள் வைத்த பொறுமை அது. என்மீது வைத்ததும் அதுவே. நான் உபவாசத்தில் கேட்ட உதவி நாலு எட்டு தூரத்தில் குழம்புக் கிண்ணத்தோடு நின்றது. மூடியைத் திறக்காதவள் நான்தான்.

மறுநாள் காலை கேழ்வரகுக் களியைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். "அம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். அவன் கவளத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். சொல்லுடா என்று நாக்கு துடித்தது. ஆண்டவரே, என் வாயைக் காத்துக்கொள்ளும் என்று அந்த நேரத்தில் ஜெபித்த ஜெபம்தான் என் வாழ்க்கையிலேயே சின்ன ஜெபம். அன்று அவன் சொல்லவில்லை. கவளத்தை ஊட்டினேன். அடுத்த நாளும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காத்திருப்பில் முதல் முறையாக என் பிள்ளையின் கண்ணை நான் முழுசாகப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. பெற்றவளுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

மாவுக்கட்டு பிரித்த வாரத்தில், கவளத்துக்காக அல்ல, தண்ணீருக்காக அல்ல, சும்மா என் முதுகில் சாய்ந்துகொண்டு, "ம்மா" என்றான். நான் கத்தவில்லை. "இன்னா கண்ணு" என்றேன். மறுபடியும், "ம்மா" என்றான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

இப்போது பதினைந்து இருபது வார்த்தை பேசுகிறான். இன்னும் வேலூருக்குப் போய் வருகிறோம், சில வாரம் நான், சில வாரம் மஞ்சுளா. இந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு அவன் பெயரை நான் கொடுக்கவில்லை. அவனுக்கு ஆசை வரும்போது அவனே மைக் முன்னால் போவான். என் பொறாமை முழுசாகச் செத்துவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. போன வாரம்கூடக் காவ்யா ஒரு பாட்டை முழுசாகப் பாடியபோது உள்ளே ஒரு கிள்ளு கிள்ளியது. உடனே அவளைக் கூப்பிட்டு இன்னொரு முறை பாடச் சொன்னேன்.

பதில் வராத ஜெபத்தோடு காத்திருக்கிற என் சகோதரிகளே, சகோதரர்களே, ஆண்டவர் உங்களை மறக்கவில்லை. கொஞ்சம் பேச்சை நிறுத்தி, அவர் பேச இடம் விடுங்கள். யார்மீது உங்களுக்கு எரிகிறதோ அந்த வீட்டு வாசலையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் பதிலை அவர் அங்கே கொடுத்து வைத்திருக்கலாம்.

இதை எழுதுகிற இந்த நேரம் வாசலில் கோழிக்குத் தீனி போடுகிற நேரம். ஜோயலின் சத்தம் கேட்கிறது. "த்தி! த்தி! த்தி!" என்று அவளைக் கூப்பிடுகிறான். அவள் இப்போது அவனை அடக்குவதில்லை. நானும் எழுந்து போய்க் கதவைச் சாத்தவில்லை. நன்றாகக் கூப்பிடட்டும்.