டச்சு ஊரில் ஒரு குளச்சல்காரி

தக்கலையில் பேருந்து ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெதர்லாந்தில், கடலோரத்துச் சின்ன நகரம் ஒன்றின் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாராம். சொந்த ஊரான குளச்சலுக்கு லீவில் வந்திருந்தார். எதைப் பேசினாலும், பள்ளிப் பிள்ளைபோல வலது கையைத் தூக்கிவிட்டுத்தான் தொடங்குவார்.

அந்த நகரத்து அருங்காட்சியகத்தில், டச்சுக் கப்பல்கள் நம் கரையிலிருந்து மிளகு கொண்டுபோன கதையை வழிகாட்டி பெருமையாகச் சொன்னானாம்.

“நான் கையத் தூக்கி, ‘குளச்சல்ல திருவிதாங்கூர் படைகிட்ட தோத்தீங்களே, அத ஏன் சொல்லல்ல?’ன்னு கேட்டேன். நேரம் முடிஞ்சிட்டுன்னான். அடுத்த வாரமும் போய்க் கேட்டேன். இனி வராதீங்கன்னுட்டான்.”

“பொழைக்கப் போன எடத்துல இது தேவையாக்கா?” என்றேன்.

கை உயர்ந்தது. “அவனுவளுக்க அம்மையையும் அப்பனையும் குளிப்பாட்டி, ஆகாரம் ஊட்டுதது நானாக்கும். அந்த ஊரு கதையில எனக்கும் பங்குண்டு மக்கா. திரும்பிப் போனதும் மறுபடி கேப்பேன்.”

குளச்சலில் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார். அவரை மறுபடி உள்ளே விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. விடாவிட்டால் வாசலில் நின்று கேட்டிருப்பார் என்பது மட்டும் தெரியும்.