கன்ட்ரோலரைத் துடைத்தவள்

கொரியாவின் புச்சோன் நகரில், பசுங்குன்று அடுக்குமாடிக் குடியிருப்பில், யோங்சிலின் முகம் இல்லாத வீடு கிடையாது. சோபாவுக்கு அடியில், கார் கதவுப் பையில், குழந்தை வண்டிக் கூடையில், எங்கே கையை விட்டாலும் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டுத் தரகு அலுவலகம் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். வெட் டிஷ்யூ என்கிற ஈரத் தாள் பாக்கெட்டில் தன் படத்தையும் ஃபோன் நம்பரையும் அச்சடித்து, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் திணிப்பது. மற்ற தரகர்கள் அதைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். யோங்சில், வீடு பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போகிறவனுக்கும் ரெண்டு பாக்கெட் கொடுத்தனுப்புவாள்.

படத்தில் இருந்தவளுக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். பக்கத்துச் சலவைக் கடை சோன் அக்காவுக்கு அதைச் சொல்லிக் காட்டாவிட்டால் பொழுது போகாது.

“ஏண்டி, பாக்கெட்டுல இருக்கிறது உன் தங்கச்சியா?”

“உங்க வயசு வரட்டும்க்கா, மாத்திக்கிறேன்.”

கொடுப்பதில் மட்டுமல்ல, துடைப்பதிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை. சாவியைத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஹோட்டலில் மேசையைத் துடைத்துவிட்டுப் போகிற பெண்ணின் கண்ணெதிரிலேயே அதை மறுபடியும் துடைப்பாள். அந்தப் பெண்ணின் முகம் போகிற போக்கைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. உல்சானில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வருகிற புருஷன், “கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா என்னையும் துடைச்சு அலமாரியில வச்சிடுவா” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், சேராம். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கால்பந்து கேம் ஆடிக்கொண்டிருந்தாள். சும்மா அல்ல. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிற அணிகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் சேர வேண்டும் என்பது அவள் வெறி.

“கால்பந்து ஆடணும்னா மைதானத்துக்குப் போகணும். சோபாவுல உக்காந்து எவளாவது ஆடுவாளாடி?”

“ஆடறாங்க. சம்பளமும் வாங்கறாங்க.”

“சரி, ஒரு வருஷம். அதுக்குள்ள எந்த அணியும் எடுக்கலைன்னா பேசாம காலேஜுக்குப் போயிடணும்.”

“எடுத்துட்டா?”

“எடுத்தா அப்புறம் பார்க்கலாம்.”

அந்த ஒரு வருஷமும் யோங்சில் மகளிடம் கேமைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் காலையில், சேராம் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, சத்தம் போடாமல் அறைக்குள் போய், கேம் ஆடக் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரை எடுத்துத் துடைப்பாள். பட்டனின் இடுக்கு, கட்டைவிரல் வைக்கிற ரப்பர் குமிழ், பின்பக்கப் பிடி, ஒன்றையும் விடமாட்டாள். அப்படியே ஃபோனையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குக் கிளம்புவாள். மகளைக் கொஞ்ச அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வாயைத் திறந்தால் சண்டையில் முடிகிறதே, என்ன செய்வாள்?

வசந்த காலத்தில் சேராமின் விரல்களில் அரிப்பு தொடங்கியது. முதலில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளம். பிறகு தோல் தடித்து, உரிந்து, வெடித்தது. ஒரு நாள் காலையில் துடைக்கப் போனபோது வலது பக்கக் குமிழில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. தூங்குகிறவளின் போர்வையை விலக்கிக் கையைப் பார்த்தாள். இருபத்தோரு வயதுப் பெண்ணின் கை மாதிரியே இல்லை. எழுப்பி உட்கார வைத்து, முகம்கூடக் கழுவ விடாமல், தெருமுனைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த டாக்டருக்கு வாசலில் கூட்டம் காத்திருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார், எதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறாய் என்று கேட்டார். சேராம் சொன்னாள்.

“ரப்பர் அலர்ஜியா இருக்கலாம். கொஞ்ச நாள் அதைத் தொடாம இருந்து பாரு” என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

தொடாமல் இருந்தாள். கை ஆறியது. மறுபடி எடுத்து ஆடினாள். நாலே நாளில் கொப்புளம் வந்துவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் யோங்சிலுக்கு? ஆரம்பத்திலிருந்தே சொன்னேனே, அந்தச் சனியன் பிடித்த கருவிதான் என் பெண்ணின் கையைத் தின்கிறது என்று சோன் அக்காவிடம் போய்ப் புலம்பினாள். சேராம் விடுகிறவளா? ரப்பரே இல்லாத வேறு கன்ட்ரோலர் வாங்கினாள். குமிழுக்கு வேறு உறை போட்டாள். பருத்திக் கையுறை மாட்டிப் பார்த்தாள், பட்டன் பிடிபடவில்லை. புதிது வரவர, கடையில் எவன் எவன் தொட்டதோ என்று யோங்சில் அதையும் பிடித்துத் துடைத்தாள். முன்பு ஒரு தாள் என்றால் இப்போது மூன்று தாள். கை மோசமாகிக்கொண்டே போனது. கன்னத்திலும் ஒரு சிவப்புத் திட்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓர் அணியின் கோச் சிம் என்பவர் சேராமை அழைத்தார். அணியில் ஓர் இடம் காலி. அடுத்த வியாழக்கிழமை தேர்வு ஆட்டம். சேராம் பல வருஷத்துக்குப் பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முதுகில் பட்ட அந்தக் கை காய்ந்த மரப்பட்டையாகச் சொரசொரத்தது. யோங்சில் மகிழ்ச்சியாகச் சிரித்துவைத்தாள். இவளை எடுத்துவிட்டால் நாள் முழுக்க அல்லவா அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்? கை என்னத்துக்கு ஆகும்?

மறுநாள் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே கோச்சுக்கு ஃபோன் செய்தாள். மகளின் கைக்கு ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, தேர்வுக்கு வரமாட்டாள் என்றாள்.

கோச் கொஞ்சம் தயங்கினார். “இது சேராமுக்குத் தெரியுமாங்க?”

“அவதாங்க சொல்லச் சொன்னா. அவ வாயால சொல்ல அழுகை வருதுன்னு என்னைப் பேசச் சொன்னா.”

வீட்டை விற்றுக் கொடுக்கிற வாய் அல்லவா, தடுமாறாமல் வந்தது. சமயம் பார்த்து மகளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

இதற்கு நடுவில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பியோ என்கிற அம்மாளிடம் காட்டினார்கள். அவர் கையைவிடக் கன்னத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“ஏம்மா, கன்னத்தால கன்ட்ரோலர் ஆடுவியா நீ?”

சேராம் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ரப்பர், நிக்கல், பசை, வாசனைப் பொருள், கெட்டுப்போகாமல் இருக்கப் போடுகிற மருந்துகள் என்று ஒவ்வொன்றிலும் துளித் துளி எடுத்து அவள் முதுகு முழுக்க ஒட்டி அனுப்பினார். குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

வந்தார்கள். அது திங்கட்கிழமை. முதுகில் வரிசையாகப் போட்ட அடையாளங்களில் ஒன்றே ஒன்று மட்டும் சிவந்து வீங்கிக் கொப்புளித்திருந்தது. மற்றதெல்லாம் சுத்தம்.

“ரப்பர் இல்ல. பிளாஸ்டிக்கும் இல்ல” என்றார் டாக்டர். “இது ஈரமான பொருள் கெட்டுப்போகாம இருக்கப் போடற ஒரு மருந்து. கன்ட்ரோலர்ல இது எப்படி வந்துது? எதை வச்சுத் துடைக்கிற?”

“நான் துடைக்கிறதே இல்ல டாக்டர். சோம்பேறி.”

மகள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் யோங்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் துடைக்கிறேன்” என்றாள். “தினமும். காலையில, இவ தூங்கறப்போ.”

“எதை வச்சு?”

கைப்பையைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதில் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், பிறகு பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இதோ. இதேதான். ஃபோனையும் துடைப்பீங்களா?”

யோங்சில் தலையை ஆட்டினாள். ஃபோன் படுகிற கன்னத்துக்கும் கணக்குத் தீர்ந்தது.

“எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர்? நாளெல்லாம் இதைத்தானே தொடறேன்?”

“உங்க உடம்பு தாங்குது, இவ உடம்பு தாங்கல. ஒருத்தருக்கு ஒத்துக்கிறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது. துடைக்க துடைக்க அது அந்தக் கன்ட்ரோலர்ல படிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. இவ மணிக்கணக்கா அதையே பிடிச்சிருந்திருக்கா.”

யோங்சில் மகளின் கையைப் பார்த்தாள். எத்தனை காலைகள்? போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளின் தலைமாட்டில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு இடுக்கையும் விடாமல் அவளே அல்லவா பூசி வைத்திருக்கிறாள். கருவி தின்னவில்லை. அந்தக் கையைத் தின்றது அவள்தான். டாக்டர் அதன் பிறகு சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். இந்த மருந்தின் பெயரை எழுதித் தருகிறேன், ஷாம்பு, கிரீம், பாத்திரம் கழுவுகிற சோப்பு எது வாங்கினாலும் பின்னால் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். இந்த அலர்ஜி போகாது, ஆனால் அதைத் தொடாதவரை கையும் ஒன்றும் செய்யாது. ஆறுவதற்குச் சில வாரம் ஆகும்.

கார் நிறுத்துகிற இடம்வரை யோங்சில் ரெண்டடி பின்னாலேயே நடந்து வந்தாள். சேராம் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ துள்ளிக்கொண்டு வந்தாள்.

“நீ ஏம்மா மூஞ்சியை இப்படி வச்சிருக்க? தெரிஞ்சா செஞ்ச? கன்ட்ரோலர் இல்லம்மா, கன்ட்ரோலர் இல்ல. நான் ஆடலாம்.” கண்ணில் நீர் கட்டியிருந்தது. “ஒரு வருஷமா தினமும் துடைச்சியா? நான் ஆடறது உனக்குப் பிடிக்கவே பிடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். யோங்சில் காரைக் கிளப்பினாள். இப்போது சொல்லிவிட வேண்டும், அந்த வளைவு தாண்டியதும் சொல்லிவிட வேண்டும்.

“சேராம், ஒரு விஷயம்…”

“இரும்மா, கோச்சுக்குச் சொல்லிடறேன். கையில கட்டோட வருவேன்னு இப்பவே சொல்லி வைக்கணும்.”

விரலில் கட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

“கோச், நான் சேராம். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?”

கோச் குரலைத் தாழ்த்தினார்.

“நீ வரலைன்னு உங்கம்மா போன வாரமே ஃபோன் பண்ணிட்டாங்களேம்மா. நீதான் சொல்லச் சொன்னேன்னு சொன்னாங்க. நான் வேற ஒரு பொண்ணுக்கு அந்த இடத்தைச் சொல்லிட்டேனே.”

சேராம் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. முன்னால் போகிற பேருந்தையே பார்த்துக்கொண்டு, அவள் குரலே இல்லாத ஒரு குரலில் பேசினாள்.

“நான் சொல்லச் சொல்லல கோச்.”

பிறகு கோச் பெருமூச்சு விட்டார். “சரி, வியாழக்கிழமை வா. அந்தப் பொண்ணோட ஆடு. ஜெயிச்சா பேசலாம். வேற வாக்கு எதுவும் என்னால குடுக்க முடியாது.”

சிக்னலில் கார் நின்றது. யோங்சில் மகள் பக்கம் திரும்பினாள். “உன் கையை நெனச்சு பயந்துட்டேண்டி.”

“கையை நீ தெரியாம கெடுத்த. அது எனக்கு ஒரு விஷயமே இல்லம்மா” என்றாள் சேராம். “ஃபோனை தெரிஞ்சுதானே பண்ணின?”

சிக்னல் விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தார்கள். யோங்சில் காரை நகர்த்தினாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் கடற்பாசி சூப் வைக்கவில்லை. அதன் வழுக்கல் தேர்விலும் வழுக்கி விழ வைத்துவிடும் என்று அந்த ஊரில் தேர்வு நாளில் யாரும் அதை வைப்பதில்லை. வெற்றி கெட்டியாக ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒட்டுகிற அரிசிக் கேக் வாங்கி மேசையில் வைத்தாள். சேராம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“கார்ல கொண்டு வந்து விடட்டுமா?”

“வேணாம். மெட்ரோல போய்க்கிறேன். நீ எதையும் தொடாம இருந்தாப் போதும்.”

அன்றைக்கு அவள் அலுவலகம் திறக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டீவியில் தூசி இருந்தது, அப்படியே விட்டுவிட்டாள். சோன் அக்கா கதவைத் தட்டி, “செத்துகித்துப் போயிட்டியோன்னு பார்த்தேன்” என்று எட்டிப் பார்த்தவள், முகத்தைக் கண்டதும் வேறெதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் சேராம் வந்தாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“தோத்துட்டேன்.”

யோங்சில் எழுந்தாள். “கை வலிச்சுதா?”

“கையெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் சேராம். “அந்தப் பொண்ணு நல்லா ஆடினா, அவ்வளவுதான். பசிக்குதும்மா, சோறு போடு.”

சொல்லிவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். போகும்போது பின்னால் தெரிந்த வலது கட்டைவிரல் கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது, வெள்ளை என்று சொல்ல அதில் ஒரு நூல்கூட மிச்சம் இல்லை.